அம்மாவுக்குக் காட்டிய ஊர்கள்

வியாழன்: பாளையங்கோட்டை, ஆலங்குளம், தென்காசி

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி எனக்கு ஹைதராபாத்தில் புது வேலை. இத்தனை வருஷம் மருந்து கம்பெனி ரெப்பாகத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சுற்றி வந்தேன். இனி ஒரு பயிற்சி அறையில் நின்று, புதிதாகச் சேரும் ரெப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பழைய கம்பெனியில் கணக்கு முடித்து, பையையும் டேப்லெட்டையும் ஒப்படைத்தாயிற்று. இடையில் கிடைத்த நாட்களில் எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது அம்மா சொன்னாள்: “நீ வேலைக்குப் போன ஊரையெல்லாம் எனக்குக் காட்டுல. அது போதும்.”

அம்மாவுக்கு அதெல்லாம் போனில் கேட்ட பெயர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு “எங்கல இருக்க?” என்பாள். செங்கோட்டை என்பேன், சுரண்டை என்பேன், திருச்செந்தூரில் பஸ் ஏறிவிட்டேன் என்பேன். டாக்டர்கள் பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல்தான் கிளினிக்கில் உட்காருவார்கள். நோயாளிகள் கூட்டம் குறைந்த பிறகுதான் ரெப்புகளை உள்ளே விடுவார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிஷம் பேசுவது எங்கள் வேலை. அந்த இரண்டு நிமிஷம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கடைசி பஸ் எப்போது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இது ஒவ்வொரு ரெப்பின் வீட்டுக்கும் தெரியும்.

கார் என் நண்பனுடையது. நாகர்கோவில்காரன், வேறு கம்பெனி. அவன் விற்பதும் சர்க்கரை வியாதி மாத்திரை, நான் விற்றதும் அதே மாத்திரை, பெயர்தான் வேறு. ஒரே டாக்டரிடம் அடுத்தடுத்து உள்ளே போய் அவரவர் மாத்திரையை எழுதச் சொல்லிக் கேட்போம். வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பைக், ஒரே லாட்ஜ் அறை. ரெப்புகள் எல்லோருமே அநேகமாக இப்படித்தான். “அந்த டாக்டர் இன்னைக்கு லீவு, அலையாதே” என்று போட்டிக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுச் சொல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியாது. விற்பனைப் பணியாளர்களுக்கென்று 1976இல் வந்த சட்டம் எங்களுக்கு நியமனக் கடிதமும் சம்பளத்தோடு லீவும் வாங்கித் தந்தது. மற்றதெல்லாம் நண்பர்கள் தந்தது.

ஹைதராபாத் வேலைக்கான விளம்பரத்தை எனக்கு அனுப்பியதும் அவன்தான். கேட்டிருந்த தகுதியெல்லாம் அவனுக்கும் உண்டு. என்னைவிட நன்றாகப் பாடம் எடுப்பான் என்றுகூடச் சொல்வேன். அவன் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதனால் அவன் விண்ணப்பம் போடவில்லை. இந்த விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் காரில் கூடவே வந்தது.

ஆலங்குளத்தில் டீக்கடை பெஞ்சைக் காட்டினேன். “இங்கனதான் உக்காருவியா?” என்று கேட்டுவிட்டு அம்மா போய் உட்கார்ந்தாள். டீக்கடை அண்ணாச்சியிடம் நான் யார் என்று சொல்லி, கடன் பாக்கி ஏதும் உண்டா என்று விசாரித்தாள். “ஒண்ணும் இல்லம்மா” என்று அவர் காசு வாங்க மறுத்தார். அம்மா விடவில்லை, கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயில். வாரம் தவறாமல் இந்தக் கோபுரத்தின் எதிரே நடந்திருக்கிறேன். பழைய கோபுரம் சிதைந்து பல காலம் மொட்டையாக நின்ற பிறகு, இப்போதுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் எழுந்தது. வாசலில் நுழைந்ததும் காற்று எதிரே வந்து மோதும். சாரல் காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். அம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

15ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாட்டு ஒன்று உண்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது பழுது வந்து, அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிந்தேன் என்கிறான். கட்டியவன் தன் பெருமையைச் செதுக்கி வைப்பதுதான் வழக்கம். இவன் தனக்குப் பிறகு வரப்போகிறவனை, முகம் தெரியாதவனை, முன்கூட்டியே கும்பிட்டு வைத்திருக்கிறான். அதை நான் இன்று படிக்க நேர்ந்தது நல்லதாயிற்று. ஏனென்றால் எனக்குப் பதிலாக வந்திருக்கும் பையன் மாலை கோயில் வாசலில் காத்திருந்தான்.

கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். கம்பெனி அவனுக்கு டாக்டர்கள் பட்டியலைக் கொடுத்திருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்ல முடியுமா என்று அவனாகவே கேட்டு வந்தான். எந்த டாக்டர் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் வைத்துக்கொள்வார், எந்த கிளினிக்கில் டோக்கன் தரும் அக்காவுக்கு முதல் வணக்கம் வைக்க வேண்டும், எந்த மெடிக்கல்காரர் காலாவதியான மருந்தை எப்போது திருப்பி எடுப்பாய் என்று காத்திருக்கிறார், எல்லாவற்றையும் என் நோட்டிலிருந்து சொன்னேன். பையன் எழுதி முடிக்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்டுக்குப் போன் போட்டியா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். “முதல்ல அதப் பண்ணுய்யா” என்றாள்.

ராத்திரி நான் வழக்கமாகத் தங்கும் லாட்ஜ். அம்மாவுக்கு நல்ல அறை போட்டுத் தருகிறேன் என்றேன். நீ படுத்த அறைதான் வேண்டும் என்றாள். இரும்புக் கட்டில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னல், கொக்கி சரியாக விழாத கதவு. அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் தூங்குவோம் என்பதை நான் சொல்லவில்லை. நண்பன் பழக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டான். அம்மா தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தாள், பையிலிருந்து தன் பழைய சேலை ஒன்றை எடுத்து அதன்மேல் விரித்தாள். எதுவும் பேசவில்லை.

வெள்ளி: குற்றாலம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம்

குற்றாலத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், எழுதாதவர்கள் இல்லை. மெயின் அருவியில் காலையிலேயே நெரிசல். புலியருவிக்குப் போனோம். சின்ன அருவி, வயதானவர்கள் பயமில்லாமல் நிற்கலாம். அம்மா தலையில் சீயக்காய் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தண்ணீர் கூடுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ் விசில் அடித்தால் வாதாடாமல் வெளியே வந்துவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. நாம் நிற்கும் இடத்தில் வெயிலாகத்தான் இருக்கும், மழை மேலே மலையில் பெய்திருக்கும்.

பிரானூர் பார்டர் கடையில் நண்பன் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டான். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். அவளுக்காகத் தென்காசிக்குத் திரும்பி இட்லி வாங்கினோம்.

கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகக் கார் தெற்கே திரும்பியதும் அம்மா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதுவரை நான் காட்டினேன், அவள் பார்த்தாள். இனி வரப்போவது அவள் ஊர். அப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டோம். அதனால் எனக்கு அந்த ஊரில் ஞாபகம் எதுவும் கிடையாது. ரெப்பாக வந்தபோதும் அம்பாசமுத்திரத்தோடு திரும்பிவிடுவேன்.

ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்துக்கு அருகே நூற்பாலை ஆரம்பித்ததற்குக் காரணம் தாமிரபரணி. மலையிலிருந்து விழும் தண்ணீரின் விசையைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டினார்கள். மில் வந்தபிறகு ஊர் பெருத்தது. தெருக்கள் ஷிப்ட் கணக்கில் தூங்கி எழுந்தன. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டினாள். “இந்தச் சந்துலதான் நம்ம வீடு. அங்கன ஒரு வேப்பமரம் நின்னுச்சு. உங்கப்பா சைக்கிள அதுல சாத்திட்டுத்தான் உள்ள வருவாரு.” வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிவீடு. அதன் திண்ணையில் இருந்த பெரியம்மா ஒருத்தி அம்மாவை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம், “மூணாவது வீட்டுக்காரியா நீ?” என்றாள். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் போய்விட்டது. எங்களுக்கு மோர் வந்தது, முறுக்கு வந்தது, மறுபடியும் மோர் வந்தது.

அப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மளிகைக் கடை வைத்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்று பாபநாசநாதர் கோயில் எதிரே, ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து அம்மா சொன்னாள். மில்லில் கணக்கு முடித்த அன்று அப்பா மதியமே வீட்டுக்கு வந்தாராம். என்னைத் தூக்கிக்கொண்டு, அம்மாவை இந்தப் படித்துறைக்குக் கூட்டி வந்து, மூன்று பேரும் குளித்தோமாம். “இனிமே ராத்திரி ஷிப்ட் கிடையாது, நீ விளக்கை அணைச்சிட்டுத் தூங்கலாம்னு சொன்னாரு. கையில இருந்த பணம் எத்தன நாளைக்கு வரும்னு எனக்கு ஒரே பயம். அவரு அதப் பத்திப் பேசவே இல்ல. நான் தூங்கலாம்னுதான் சொன்னாரு.”

நான் வேலை மாறுவதற்கு எனக்கே பல காரணங்கள் உண்டு. ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் நின்று இருப்பிடத்தைப் போனில் பதிவு செய்யச் சொல்லும் முறை வந்தபிறகு, மழையில் பைக்கை நிறுத்தி அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அலுத்துவிட்டது. முதுகு வலி இருக்கிறது. சொல்லிக்கொடுப்பது பிடிக்கும். சம்பளமும் கூடுதல். இத்தனையும் வீட்டில் எடுத்துச் சொன்னேன். அம்மா தூங்குவதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. அப்பா யோசித்திருக்கிறார்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க நிறுத்தினோம். கடையில் நின்ற ஒரு அக்கா அம்மாவோடு பேச்சுக் கொடுத்தார். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த காட்டில் உண்டான தேயிலைத் தோட்டங்கள் அவை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. கூலி உயர்வு கேட்டு அங்கிருந்து வந்தவர்கள் நடத்திய ஊர்வலத்தில்தான், 1999 ஜூலை 23 அன்று, திருநெல்வேலியில் தாமிரபரணி ஓரம் 17 பேர் செத்தார்கள். குத்தகை முடிய இன்னும் சில வருஷம் இருக்கும்போதே, 2024இல், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்யும்படி தோட்டக் கம்பெனி இவர்களிடம் சொல்லிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள். “கீழ வெக்க தாங்கல அம்மா. மேல ஃபேனே கிடையாது எங்களுக்கு” என்றார் அந்த அக்கா. அவர் மகன் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு இருக்கிறான். தனக்கு ஒரு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அப்பா வாங்கியதற்கும் விருப்ப ஓய்வு என்றுதான் பெயர், இந்த அக்காவுக்குக் கொடுத்ததற்கும் அதே பெயர். இரண்டையும் ஒரே நாளில் கேட்க நேர்ந்தது. ஹைதராபாத் போகும் என் விஷயத்தைக் காரில் அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

சனி: ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்

காலையில் வீட்டிலிருந்து கிளம்பினோம். திருச்செந்தூர் ரோட்டில் போகும்போது அம்மாவுக்கு ஒரு இடம் பார்க்க வேண்டியிருந்தது: ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம். 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் இங்கேதான் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த நாள் அது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர், வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி அவர்களுக்கு ஊற்றினார்கள். ஸ்டேஷன் இப்போது சாதாரணமாக இருக்கிறது. ஒரு ஆடு பிளாட்பாரத்தில் படுத்திருந்தது. அம்மா வாசலில் காய் விற்ற பெண்ணிடம் போய், “நீங்கதானா சோறு போட்டது?” என்று கேட்டாள். “எங்க தெருவுல எல்லாரும்தான்” என்றார் அவர். அம்மா அவரிடம் தேவைக்குமேல் கத்தரிக்காய் வாங்கினாள்.

அந்த வெள்ளத்தில் நானும் நண்பனும் செய்த ஒன்றை அம்மாவுக்கு முழுதாகச் சொன்னது இன்றுதான். தண்ணீர் வடிந்து வழி திறந்தவுடன் இந்தப் பக்கத்து மெடிக்கல் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். நாலைந்து நாளாகக் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் எல்லாம் கெட்டுப்போயிற்று, ஊரில் ஊசி போடுகிறவர்கள் வந்து நிற்கிறார்கள் என்றார். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமே தண்ணீர் ஏறியிருந்ததால் என் ஸ்டாக்கிஸ்டிடம், அதாவது எங்கள் கம்பெனி மருந்தைக் கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியிடம், சரக்கு குறைவு. நண்பன் தன் ஸ்டாக்கிஸ்டிடம் இருந்ததை எடுத்தான். மீன் கடையில் ஐஸ் வாங்கி, அது மருந்தில் நேரே படாமல் துணி சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினோம். அவன் கம்பெனி பெயர் போட்ட பெட்டியில் என் கம்பெனி மருந்தும் கிடந்தது. செய்துங்கநல்லூர் தாண்டியதும் சேறு. பைக்கைத் தள்ளினோம். பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் எந்தக் கம்பெனி என்று பார்க்கவில்லை, நாங்களும் பில்லில் அதை ஒழுங்குபடுத்த ஒரு வாரம் ஆயிற்று. இந்த வேலையில் எனக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அந்த நாள்தான். எந்த டார்கெட்டிலும் அது வராது.

திருச்செந்தூரில் நல்ல கூட்டம். நாழிக்கிணற்றில் குளித்து, முருகனைப் பார்த்து வெளியே வர மதியம் தாண்டிவிட்டது. அம்மா கடற்கரை நிழலில் படுத்துத் தூங்கினாள். நானும் நண்பனும் மணலில் உட்கார்ந்திருந்தோம்.

நானாகவே ஆரம்பித்தேன். “நீ போயிருக்க வேண்டிய இடம்ல அது.”

“ஆமா மக்கா” என்றான். மறுக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. “வருத்தம் இருக்கு, இல்லைன்னு சொன்னா பொய். அப்பாவை டயாலிசிஸ் மெஷின்ல போட்டுட்டு வெளியில உக்காந்திருக்கும்போது அந்த விளம்பரம் வந்துச்சு. நாலு மணி நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம்தான் உனக்கு அனுப்பினேன்.”

நான் என்ன சொல்வது? புது கம்பெனியில் இங்கிருந்தபடியே ஆன்லைனில் வகுப்பெடுக்க ஆள் தேவைப்படுவதாக நேர்காணலில் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்து ஒரு மாதத்தில் அவன் பெயரைச் சொல்வேன் என்றேன். பார்க்கலாம் என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “அப்பாகிட்ட இதச் சொல்லிராத. தன்னாலதான் நான் போகலைன்னு நினைச்சுக்குவாரு” என்றான். அவர் இதைப் படிக்க மாட்டார், இருந்தாலும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது, என்னை மாதிரி நிறைய பேர் இருக்காங்க என்றான்.

உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு திரும்பினோம். அவன் அப்பாவுக்கு இனிப்பும் கூடாது, பொட்டாசியமும் கூடாது. அம்மாவுக்கு அது தெரியாது, அவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கினாள். அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஞாயிறு: கிருஷ்ணாபுரம்

மனைவியும் மகளும் இன்றுதான் சேர்ந்துகொண்டார்கள். மனைவி பள்ளி ஆசிரியை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு, வார நாளில் லீவு போட முடியாது. நண்பன் நாகர்கோவில் போய்விட்டான். பாளையங்கோட்டையிலிருந்து கிட்டத்தில் இருக்கும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போனோம்.

நாயக்கர் காலச் சிற்பங்கள். இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் ஒரு தூணில், இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகும் குறத்தி இன்னொரு தூணில். சுமக்கிறவர்களின் உடம்பில் அந்தப் பாரம் தெரிகிறது. மகள் குறத்தியிடம் வெகுநேரம் நின்றாள். அவளுக்கு ஓவியம் வரும். நோட்டில் அந்த முழங்காலை மட்டும் மூன்று தடவை வரைந்தாள்.

தூண் நிழலில் உட்கார்ந்து எங்கள் விஷயத்தைப் பேசினோம். மனைவி தெளிவாகச் சொன்னாள்: “உங்க வேலையை மாத்திக்கிட்டீங்க, எனக்குச் சந்தோஷம்தான். என் வேலையை நான் மாத்துறதா இன்னும் முடிவு பண்ணல.” உதவிபெறும் பள்ளியில் நிரந்தர வேலை அவளுடையது. விட்டால் திரும்பக் கிடைக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவள் பெயரைச் சொல்லி வீடு தேடி வருவார்கள். ஹைதராபாத்தில் அவளுக்கு ஒரு பள்ளி கிடைக்கலாம், ஆனால் அங்கே தமிழாசிரியைக்கு எவ்வளவு இடம் இருக்கும்? குடும்பம் பின்னாலேயே வந்துவிடும் என்று நான் மனதுக்குள் போட்டிருந்த கணக்கில் இந்தக் கேள்வி இல்லை. அவள் கேட்டது நியாயம்.

மகளைக் கேட்டோம். பதினொன்றாம் வகுப்பு இங்கேயே, இதே தோழிகளோடு படிக்க வேண்டும் என்றாள். அம்மா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. “அங்க ராத்திரி எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவ?” என்று கேட்டாள். ஆறரைக்கு அலுவலகம் முடியும், ஏழரைக்குள் அறைக்கு வந்துவிடுவேன் என்றேன்.

இப்போதைக்கு நான் மட்டும் போகிறேன். மாதம் ஒரு தடவை வருவது, மார்ச்சில் மகளின் பரீட்சை முடியும்வரை வேறு எதுவும் பேசாமல் இருப்பது, மே மாதம் நாலு பேரும் உட்கார்ந்து முடிவு செய்வது. முடிவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் இப்போதே சொல்லக் கூடாது என்பது மனைவி போட்ட நிபந்தனை, நான் ஒத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ரயில்.